மணற்பாறையில் உறைந்த காற்று: பழங்கால மணற்குன்றுகளை அடுக்குகளைக் கொண்டு இனங்காணும் முறை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சயான் தேசியப் பூங்காவின் கிழக்கு வாயிலுக்கு அருகே, சாலையோரத்திலேயே செக்கர்போர்டு மேசா என்னும் வெளிறிய மணற்பாறைக் குன்று ஒன்று நிற்கிறது. சதுரங்கப் பலகையைப் போல அதன் உடலெங்கும் நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள் ஓடுவதால் அந்தப் பெயர் வந்தது. அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகைக் கோடுகளையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் நெடுக்காக இறங்குபவை, பாறை வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கியதால் பிற்காலத்தில் விழுந்த வெடிப்புகள்; குறுக்காகவும் சாய்வாகவும் ஓடுபவை மட்டுமே சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலின் அடுக்குகள். இந்த நாவஹோ மணற்பாறை சயான் பகுதியில் 600 மீட்டருக்கும் மேல் தடிமன் உள்ளது. மணற்குன்றுப் பாறையைப் படிக்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அரிது என்பதால், இக்கட்டுரையில் பெரும்பாலும் இதையும், அண்டை மாநிலமான அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் வெளிறிய செங்குத்துச் சுவராகத் தெரியும் கொக்கொனினோ மணற்பாறையையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் மலையளவு பெரிய சாய்கோடுகளைக் கண்டதும் "இது பாலைவனம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாணவனாக இருந்தபோது நானும் ஒரு சாலை வெட்டுச்சுவரில் அப்படித்தான் முடிவு கட்டினேன். மறுபக்கம் சென்று பார்த்தபோது அதே அடுக்கில் கூழாங்கற்கள் வரிசையாகக் கிடந்தன, அது ஓர் ஆற்றுப் படிவு. காற்றின் உறுதியான கையெழுத்து குன்றளவில் இருப்பதில்லை, விரற்கடை அளவில் இருக்கிறது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த விரற்கடையை நோக்கிச் செல்பவையே.

அடுக்கு எப்படி உருவாகிறது

காற்று மணலைத் தூசியைப் போலத் தூக்கிச் செல்வதில்லை. மணல்மணிகள் தத்தித் தத்திக் குதித்து, விழும் இடத்தில் வேறு மணிகளைத் தட்டி எழுப்பிக்கொண்டு நகர்கின்றன. ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேயப் படைப்பொறியாளர் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் பார்த்தும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும் இந்த இயக்கத்தை 1930களில் விளக்கினார். குன்றின் மெல்லிய சரிவான பக்கத்தில் மணல் இப்படி ஏறி, முகட்டைத் தாண்டியதும் காற்று மறைவான மறுபக்கத்தில் விழுகிறது. அங்கே மணல் குவியக் குவியச் சரிவு செங்குத்தாகி, 32 முதல் 34 பாகை அளவை எட்டியதும் தாங்காமல் சரிந்து இறங்குகிறது. ஏறும் பக்கம் அரிக்கப்பட்டு, இறங்கும் பக்கம் வளர்ந்து, குன்று முழுவதும் காற்றின் திசையில் நகர்கிறது. இறங்கும் பக்கத்தின் பழைய சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து நின்றவையே நாம் பாறையில் காணும் சாய்ந்த அடுக்குகள். இவற்றைக் குறுக்கு அடுக்குகள் என்கிறோம்.

பின்னால் வரும் குன்று முன்னால் சென்ற குன்றின் தலையைச் சீவிவிட்டு அதன்மேல் ஏறுகிறது. ஆகவே பாறையில் எஞ்சுவது பெரும்பாலும் குன்றின் அடிப்பகுதி மட்டுமே. 10 மீட்டர் உயரக் குறுக்கு அடுக்கைக் கண்டால், குன்று அதைவிட உயரமாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம். எவ்வளவு உயரம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், சாய்வுமானியுடன் கூடிய திசைகாட்டி, சிறு அளவுகோல், பென்சில், கோடு போடாத நோட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் ஆகியவை போதும். தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் அல்ல என்பதைப் பின்னால் காண்போம். சுத்தியல் தேவையில்லை, தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பாறையை உடைப்பதும் துண்டு எடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, வானிலையால் தேய்ந்த பழைய முகத்தில்தான் அடுக்குகள் எடுப்பாகத் தெரியும், புதிதாக உடைத்த முகத்தில் அவை மங்கலாகவே இருக்கும்.

முதற்படி: தூர நின்று கோடுகளைப் பிரித்தல்

பாறைச்சுவர் முழுவதும் கண்ணுக்கு அடங்கும் தூரத்தில் நின்று, முதலில் வெடிப்புகளையும் அடுக்குகளையும் பிரித்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு அடுக்குகளை ஊடுருவி வெட்டிச் செல்லும். அடுக்கு மணியின் பருமனிலோ நிறத்திலோ கெட்டித்தன்மையிலோ ஒரு மாற்றத்தைக் கொண்டிருக்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இரும்பு கரைந்த நிலத்தடி நீர் பாறைக்குள் ஊறி நகர்ந்தபோது விட்டுச்சென்ற பட்டைகள் அடுக்குகளைப் போலவே தோன்றி ஏமாற்றும். சயானில் நாவஹோ மணற்பாறையின் அடிப்பகுதி சிவந்தும் மேற்பகுதி வெளுத்தும் இருப்பது, படிந்தபின் பாறைக்குள் இரும்பு இடம் மாறியதால் நேர்ந்தது. மேலும் கீழும் இருப்பது ஒரே வகைக் குன்றுமணல்தான். நிறம் காற்றுக்கும் சான்றில்லை, நீருக்கும் சான்றில்லை.

அடுத்து, அடுக்குத்தொகுதிகளை வரைந்துகொள்ள வேண்டும். ஒரே திசையில் சாய்ந்த அடுக்குகள் சேர்ந்து ஒரு தொகுதியாக நிற்கும். அதன் தலையை ஒரு கோடு சீவியிருக்கும். அந்தக் கோட்டின்மேல் அடுத்த தொகுதி அமர்ந்திருக்கும். இந்த வெட்டுக்கோடுகளை நோட்டில் தடித்த கோடாகவும், உள்ளே உள்ள சாய்ந்த அடுக்குகளை மெல்லிய கோடாகவும் வரைவது வழக்கம். ஓவியத் திறமை இதற்கு வேண்டியதில்லை. கைபேசியில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, வரையும்போதுதான் கண் எதைத் தவறவிட்டது என்று கை காட்டிக்கொடுக்கிறது என்பதே என் பதில்.

பாறைச்சுவரில் நெடுந்தூரம் தட்டையாக ஓடும் ஒரு வெட்டுக்கோடு தெரிந்தால் அதைத் தனியே குறிக்க வேண்டும். அத்தகைய சமதளங்களில் சில, நிலத்தடி நீர்மட்டம் வரை காற்று மணலை அரித்துச் சென்று, ஈரமணலைத் தூக்க முடியாமல் நின்றுவிட்ட இடங்கள் என்று வில்லியம் லீ ஸ்டோக்ஸ் 1968இல் விளக்கினார். வறண்ட பாலைவனத்திலும் தண்ணீரின் கை உண்டு என்பதை இந்தக் கோடுகள் நினைவூட்டுகின்றன.

இரண்டாம் படி: சாய்வை அளத்தல், அதை முழுதாக நம்பாமை

செங்குத்துச் சுவரில் தெரியும் சாய்வு பெரும்பாலும் உண்மைச் சாய்வு அன்று. ரொட்டியைச் சாய்த்து வெட்டினால் துண்டு நீளமாகத் தெரிவதுபோல, சுவர் எந்தத் திசையில் அடுக்கை வெட்டுகிறதோ அதைப் பொறுத்துச் சாய்வு குறைந்து காட்டும். உண்மையைவிடக் கூடுதலாக ஒருபோதும் காட்டாது. அடுக்கின் பரப்பு சிறிதளவேனும் வெளியே தெரியும் இடத்தைத் தேடி, அதன்மேல் கொஞ்சம் தண்ணீரை ஊற்ற வேண்டும். பரப்பு வழவழப்பாக இருந்தால், தண்ணீர் ஓடும் திசையே சாய்வின் திசை. நோட்டை அந்தப் பரப்பின்மேல் வைத்து, ஈரத்தடம் போன திசையில் சாய்வுமானியைப் பிடித்தால் உண்மைச் சாய்வு கிடைக்கும்.

அளந்த எண் 34க்குப் பதிலாக 25 பாகை அளவில் இருந்தால் கலங்க வேண்டாம். மேலே குவிந்த பாறைகளின் எடையால் மணல் அமுங்கும்போது சாய்வு தாழ்கிறது. மேலும், எஞ்சியிருப்பது குன்றின் வளைந்த அடிவாரம் என்பதால் அங்கே சாய்வு இயல்பாகவே குறைவு. மாறாக, 45 பாகை கிடைத்தால் நிலமே பிற்காலத்தில் சாய்ந்திருக்கிறது என்று பொருள். உலர்ந்த மணல் அந்தச் சாய்வில் நிற்காது. அப்போது மேலேயோ கீழேயோ ஏரியிலோ வெள்ளச்சமவெளியிலோ தட்டையாகப் படிந்த சேற்றுப்பாறையின் சாய்வை அளந்து, அந்த அளவுக்கு நிலத்தை மனத்தால் நிமிர்த்தி, மீண்டும் கணக்கிட வேண்டும்.

ஆனால் சாய்வு முழுதாகச் சரியாக இருந்தாலும் வழக்கு முடிவதில்லை. நீருக்கடியிலும் மணல் ஏறத்தாழ இதே கோணத்தில்தான் சரிகிறது. ஆற்றின் மணல்திட்டுகளிலும் கடலடி மணல் அலைகளிலும் செங்குத்தான குறுக்கு அடுக்குகள் உருவாகின்றன. அவற்றுள் சில பல மீட்டர் உயரமும் இருக்கும். ஆகவே சாய்வும் உயரமும் ஐயத்தைத் தூண்டும் சான்றுகளே அன்றி, தீர்ப்புச் சொல்லும் சான்றுகள் அல்ல.

மூன்றாம் படி: மண்டியிட்டு லென்ஸால் பார்த்தல்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும். மணற்குன்றுகளின் நுண்ணடுக்குகளை ரால்ஃப் ஹண்டர் 1977இல் வகுத்துக்கொடுத்தார்; அன்றிலிருந்து களத்தில் இறங்குபவர்கள் தேடுவது முக்கியமாக மூன்று வகைகளை.

முதல் வகை, காற்றின் அலைவரிகள் நகர்ந்து விட்டுச்சென்ற நுண்ணடுக்கு. கடற்கரையின் உலர்மணலில் காற்று வரைந்த அலைவரிகளைக் குனிந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: முகட்டில் பருமணல் நிற்கும், பள்ளத்தில் பொடிமணல் ஒதுங்கும். அலைவரி நகரும்போது பள்ளத்துப் பொடி அடியிலும் முகட்டுப் பருமணல் அதன்மேலும் படிந்து புதைகின்றன. எனவே ஒவ்வொரு நுண்ணடுக்கும் சில மில்லிமீட்டர் தடிமனே இருந்தாலும், அதற்குள் கீழே பொடியும் மேலே பருமணலுமாக இருக்கும். நீரில் கலங்கி அமைதியாகப் படியும் மணலில் கனத்த பருமணிகள் முதலில் அடியில் இறங்குவதே வழக்கம் என்பதால், இந்த ஒழுங்கு அதற்கு நேர்மாறானது. பள்ளத்துப் பொடி நெருக்கமாக அமர்ந்து நன்கு கெட்டிப்படுவதால், பாறை தேயும்போது அது மெல்லிய வரம்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கோடு போட்ட சட்டைத்துணியைப் போல, நூல் பிடித்தாற்போன்ற இணைகோடுகள் பாறையில் தெரியும். விரல் நுனியால் தடவினாலேயே அந்த வரம்புகள் தட்டுப்படும். இந்தச் சட்டைத்துணிக் கோடுகளைக் கண்டுவிட்டால் பாதி வழக்கு வென்றாற்போல. ஒற்றைச் சான்றாக நிற்கக்கூடியவற்றுள் இதுவே மிக வலுவானது.

ஒரு நுண்ணடுக்கு ஓர் ஆண்டுக்கான கணக்கு அன்று, ஒரு நாளுக்கான கணக்கும் அன்று. ஓர் அலைவரி ஒருமுறை கடந்து போனதன் தடம் அது. நல்ல காற்றில் அதற்குச் சில நிமிடங்களே போதும். நுண்ணடுக்குகளை மரத்தின் வளையங்களைப்போல எண்ணி வயது சொல்லும் தவறு புதியவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது.

இரண்டாம் வகை, மணற்சரிவு அடுக்கு. முகட்டுக்கு அப்பால் மணல் தாங்காமல் நாக்கு வடிவில் சரிந்து இறங்கும்போது, ஒவ்வொரு சரிவும் ஓர் அடுக்கை விடுகிறது. இவை சில சென்டிமீட்டர் தடிமன் கொண்டவை, உள்ளே கோடுகளின்றித் தளர்வாக இருப்பவை, சரிவின் அடியை நெருங்கும்போது ஆப்பு போல மெலிந்து முடிபவை. சரியும் மணலுக்குள் பொடி கீழே இறங்கி, பருமணி மேலே மிதந்து வரும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தகடுகளை அரை சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, பருமனான சர்க்கரையையும் பொடிமணலையும் சம அளவில் கலந்து, ஒரு மூலையிலிருந்து மெல்லிய தாரையாகக் கொட்ட வேண்டும். கலவை கலவையாகவே குவியும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஒவ்வொரு சரிவும் அடிவாரத்தை எட்டியதும் அங்கே ஒரு சிறு படி தோன்றி மேல்நோக்கி ஏறும். அது ஏறிய வழியெல்லாம் கீழே மணல், மேலே சர்க்கரை என்று இரண்டு பட்டைகள் பிரிந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு சரிவுகளுக்குப் பின், கண்ணாடிக்குள் கையடக்கமான ஒரு குறுக்கு அடுக்குத்தொகுதியே உருவாகிவிடும். எறும்பு வருமுன் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வகை, முகட்டைத் தாண்டிப் பறந்து வந்த மணிகள் மறைவுச் சரிவில் உதிர்ந்து படிந்த அடுக்கு. இது மங்கலானது, உறுதியாக இனங்காண்பதும் கடினம். பெரிய குன்றுகளில் சரிவுகள் இதைப் பெரும்பாலும் கலைத்துவிடுவதால், தொடக்கத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது தொகுதியின் அடிவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே சாய்ந்த அடுக்குகள் நேர்கோடாக வந்து முட்டாமல், ஊஞ்சல் கயிறு தாழ்வதுபோல வளைந்து கீழ்க்கோட்டைத் தொட்டுப் படரும். மேலிருந்து இறங்கிய மணற்சரிவு அடுக்குகள் ஆப்பாக மெலிய, அவற்றின் இடுக்குகளுக்குள் அடிவாரத்தின் அலைவரி நுண்ணடுக்குகள் நுழைந்து, இரு கை விரல்கள் கோத்தாற்போல நிற்கும். இந்த விரல் கோப்பு ஒன்றைத் தெளிவாகக் கண்டு வரைந்துவிட்டால், காற்றுதான் படிவித்தது என்று தயங்காமல் எழுதலாம்.

நான்காம் படி: மணிகளைப் பார்த்தல்

காற்றுக்கு நீரின் வலு இல்லை; நீர் காற்றைப்போல் 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆகவே காற்று தேர்ந்தெடுத்தே எடுத்துச் செல்கிறது. களிமண்ணும் வண்டலும் தூசியாக வெகுதூரம் போய்விடும், கூழாங்கல் நகராது, தகடுபோன்ற அப்பிரகம் உடைந்தும் பறந்தும் பெரும்பாலும் காணாமற்போகும். மிஞ்சுவது பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையிலான, ஏறத்தாழ ஒரே அளவுள்ள குவார்ட்சு மணிகள். ஓர் அடுக்குக்குள் இந்த ஒழுங்கு லென்ஸில் பளிச்சென்று தெரியும். சயானில் இதன் பயனை நேரிலேயே காணலாம்: சீரான மணிகளுக்கு இடையே இடைவெளி மிகுதி என்பதால் மழைநீர் நாவஹோ பாறைக்குள் ஊறி இறங்கி, கீழே உள்ள கெயென்டா படிவின் சேற்றுப்பாறை அடுக்குகளைத் தாண்ட முடியாமல், பாறைமுகத்தில் ஊற்றாகக் கசிகிறது. வீப்பிங் ராக் என்னும் இடத்தில் பாறை அழுவதுபோல் நீர் சொட்டுவது இதனால்தான்.

மணியின் மேற்பரப்பு உறைகண்ணாடிபோல மங்கியிருந்தால் அது பாலைவன மணல் என்று பழைய பாடநூல்கள் சொல்லும். அந்த மங்கல் வேதிவினையாலும் உண்டாகும் என்பதாலும், ஒரு மணி பல சுழற்சிகளைக் கடந்து வந்திருக்கலாம் என்பதாலும், இதைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: இருக்கக் கூடாதவற்றைத் தேடுதல்

தம் முடிவுக்கு எதிரான சான்றைத் தாமே தேடுவதுதான் களப்பணியில் நேர்மை. சாய்ந்த அடுக்குகளுக்குள் கூழாங்கற்கள், சேற்றுத் துண்டுகள், ஒவ்வொரு சரிவின்மேலும் போர்த்தினாற்போன்ற மெல்லிய சேற்றுப்படலம், அடுத்தடுத்த தொகுதிகள் எதிரெதிர்த் திசைகளில் சாய்ந்து மீன்முள்போல் தோன்றும் அமைப்பு, இருபுறமும் சமச்சீரான அலைவரிகள் ஆகியவற்றுள் எதுவும் இருந்தால் ஆறு, அலை, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஆகியவற்றை முதலில் நினைக்க வேண்டும். சிப்பித்தூள் மட்டும் விதிவிலக்கு. கடற்கரைக் குன்றுகளில் காற்று சிப்பித்தூளையும் மணலாகவே நடத்துகிறது. பெர்முடா தீவுகள் பெரும்பாலும் அப்படிக் குவிந்து கெட்டிப்பட்ட சுண்ணாம்புக் குன்றுகளாலேயே ஆனவை.

அலைவரியின் பரப்பே கிடைத்தால் ஒரு கணக்கு உண்டு. இரு முகடுகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அலைவரியின் உயரத்தால் வகுக்க வேண்டும். ஈவு 15க்கு மேலிருந்தால் காற்று என்றும், அதற்குக் கீழே நன்கு தாழ்ந்திருந்தால் நீர் என்றும் பொதுவாகக் கொள்வார்கள். கொக்கொனினோ பாறையில் உயரம் குறைந்த, ஈவு மிகுந்த அலைவரிகள் சாய்ந்த பரப்புகளில் காணப்படுகின்றன. அவற்றின் முகடுகள் சரிவுக்குக் குறுக்கே ஓடாமல், சரிவின் வழியே மேலிருந்து கீழாக ஓடுகின்றன. மறைவுச் சரிவில் பக்கவாட்டாக வீசிய காற்றே அவற்றை வரைந்தது.

புதியவர்களைக் குழப்பும் இன்னொன்று, நாவஹோ பாறையில் சில இடங்களில் அடுக்குகள் குழைத்த மாவைப்போலச் சுருண்டு கிடப்பது. நீர் ஊறிய மணல் கெட்டிப்படும் முன்பே அதிர்ச்சியாலோ பாரத்தாலோ குழம்பியதன் விளைவு அது. அங்கே சாய்வை அளக்க வேண்டாம், கடந்து செல்லலாம்.

ஆறாம் படி: குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலமும் தடங்களும்

தொகுதிகளுக்கு இடையே தட்டையாகக் கிடக்கும் மெல்லிய படிவுகளை அலட்சியப்படுத்தக் கூடாது. மழைக்குப்பின் தேங்கிய குட்டையின் சுண்ணாம்புப் படலம், சேற்று வெடிப்பு, வேர்த்தடம், ஈரப்பரப்பில் ஒட்டிய மணலின் சொரசொரப்பு ஆகியவை அங்கேதான் கிடைக்கும். சேற்று வெடிப்பைக் கண்டதும் காற்று வாதத்தைக் கைவிட்டுவிட வேண்டாம். அது தாழ்நிலத்தில் இருக்கிறதா, சாய்ந்த அடுக்குக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி.

கொக்கொனினோவின் சாய்ந்த பரப்புகளில் விலங்குகளின் காலடித் தடங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை சரிவில் மேல்நோக்கி ஏறுபவை. எட்வின் மெக்கீ என்ற புவியியலாளர் பல்லி வகைகளை உலர்மணல் சரிவில் நடக்கவிட்டுப் பார்த்தார். ஏறும்போது தடம் தெளிவாகப் பதிந்தது, இறங்கும்போது மணல் சரிந்து தடத்தை அழித்தது.

காற்றின் திசையைச் சொல்லுதல்

சாய்வு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நோக்கிக் காற்று வீசியது. ஆனால் ஓர் அளவை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. பிறைவடிவக் குன்றின் இரு கொம்புகளிலும் சரிவு வெவ்வேறு திசைகளை நோக்கும் என்பதால், பல தொகுதிகளில் குறைந்தது இருபது முப்பது இடங்களில் அளந்து வட்டவரைபடத்தில் குறிக்க வேண்டும். புள்ளிகள் ஒரே பக்கம் திரண்டால் நிலையான காற்று. இரு திரளாகப் பிரிந்தால் பருவத்துக்குப் பருவம் மாறிய காற்றோ நீள்வரிக் குன்றோ இருந்திருக்கலாம். இப்படி அளந்துதான் நாவஹோ மணற்பாறை உருவான பழங்காலப் பாலைவனத்தில் மணல் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குத் திசைகளில் நகர்ந்தது என்று அறிந்தார்கள். அந்தத் திசை இன்றைய நில அமைப்பின்படிச் சொல்வது. கண்டம் அதன்பின் நகர்ந்தும் திரும்பியும் இருக்கிறது.

பழகிக்கொள்ள

யூட்டாவுக்குப் போக முடியாதவர்கள் இன்றைய குன்றில் தொடங்கலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடுகள் காற்று குவித்த செம்மணல் மேடுகள்தாம். 'தேரி' என்ற நம் சொல்லே புவியியல் எழுத்துகளில் அவற்றின் பெயராக வழங்குகிறது. மண்ணாகிச் சிவந்த பழைய தேரியைவிட, காற்றில் இன்னும் நகரும் மணலில்தான் நுண்ணடுக்கு எளிதில் தெரியும். கடற்கரையோர மணல்மேட்டில் மழைக்கு மறுநாள், மணல் ஈரமாக நிற்கும்போது, முழங்கால் ஆழத்துக்கு மட்டும் ஒரு பக்கத்தை மட்டக்கோலால் செங்குத்தாகச் சீவி, வெயிலில் அரை மணி நேரம் விட வேண்டும். பருமணல் முதலில் உலர்ந்து வெளுக்கும், பொடிமணல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கறுத்து நிற்கும். சட்டைத்துணிக் கோடுகள் கண்ணெதிரே எழுந்து வரும். ஆழமாகத் தோண்டிப் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது. உலர்ந்ததும் மணல் சரியும்.

அடுத்த பயிற்சிக்கு வேறொரு கோளே இருக்கிறது. செவ்வாயின் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த ஸ்டிம்சன் மணற்பாறையின் படங்களை நாசா எல்லாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. பழங்காலக் காற்றுக்குன்று என்று அறிவியலாளர்கள் முடிவு செய்த பாறை அது. அதே பள்ளத்தில் ஏரியடியில் படிந்த சேற்றுப்பாறையின் படங்களும் உண்டு. இரண்டையும் கலந்து, விளக்கக் குறிப்பை மறைத்துவிட்டு, வெட்டுக்கோடுகளைத் தடித்த கோடாகவும் உள்ளடுக்குகளை மெல்லிய கோடாகவும் முதலில் வரைந்து, எது காற்று எது நீர் என்று நோட்டில் எழுதியபின் குறிப்பைத் திறந்து பார்க்கலாம்.